பிரேக் படுகிற இடம்

கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்கு விடுகிற சைக்கிள்களில் பாதிக்கு இப்போது டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. சக்கரத்தின் நடுவில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது, பிரேக் அதைத்தான் பிடிக்கிறது. ரிம்முக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை. போன மாதம் நடைக்குப் போனபோது, நான் வேலை பார்த்த கடையை இப்போது நடத்துகிற அம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"மேரியக்கா, இனிமே ரிம்ம எங்க வேணாலும் பாலிஷ் போட்டுக்கலாம். உங்க காலத்துல சைடுல அந்த ஒரு எடத்த மட்டும் சொரசொரன்னு விட்டுருவீங்களாமே, எதுக்கு? எங்க மெக்கானிக்கெல்லாம் கேக்கறாங்க. ஒரு பேப்பர்ல எழுதித்தான் குடுங்களேன்."

எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். வாயை விடுவதில் எனக்கு எந்தக் காலத்திலும் குறைச்சல் இல்லை. எங்கள் நாயுடுபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்பேர்ப்பட்டவள் வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஒரு சமயத்தில் மூடிக்கொண்டு இருந்தேன். அவர்கள் கேட்டிருக்கிற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அதனால் அதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஆரோக்கியமேரி. அப்பா எங்கள் கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பூசைக்கு எடுத்து வைப்பதெல்லாம் அவர் பொறுப்பு. பீடத்தின் மேல் நிற்கிற பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்குவது எட்டு வயதிலிருந்து என் பொறுப்பு. கொடைக்கானலில் பித்தளை துலக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. புளி போட்டு இன்றைக்குப் பளபளவென்று வைத்தால் நாளைக்கு மேகம் இறங்கி வந்து மங்க வைத்துவிட்டுப் போய்விடும். அதற்கு எங்கள் கோயில் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தோம். எரிந்து மிஞ்சின மெழுகுதிரித் துண்டை உள்ளங்கையில் வைத்து இளக்கி, துலக்கின தண்டின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, கம்பளித் துணியால் அழுத்தித் தேய்ப்போம். அப்புறம் எந்த மேகம் வந்தாலும் பத்து நாளைக்குப் பளபளப்பு நிற்கும்.

எழுபதுகளின் நடுவில், ஒரு திருவிழாவுக்கு வேடிக்கை பார்க்க வந்த ராசையா முதலாளி அந்தத் தண்டுகளைப் பார்த்துவிட்டார். அவர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். அங்கே தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் மெஷின் பார்த்தவர். ஃபாக்டரியை அவர் 'ஸ்டோர்' என்றுதான் கடைசிவரை சொன்னார். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக் கடை போட்டிருந்தார். மறுநாளே வீட்டுக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, அந்தப் பித்தளைய வெளக்குன கை ஒங்க கைதானுங்களா? நம்ம கடைக்கு வந்து நாலு ரிம்ம வெளக்கித் தாங்களேன்."

சைக்கிள் கடையில் பொம்பளைக்கு என்ன சோலி என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் சூசை பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரர். அவர் மட்டும், "போகட்டும். அவ வாய்க்கு நாலு பேரு வந்து போற எடந்தான் சரி" என்றார். அப்படித்தான் போனேன். இருபத்திரண்டு வருடம் இருந்தேன்.

அந்தக் காலத்தில் நம் ஊர் சைக்கிள்களுக்கெல்லாம் இரும்பு ரிம், மேலே குரோமியப் பூச்சு. பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சைக்கிள்களுக்கு மட்டும் அலாய் ரிம். அலுமினியம் கலந்தது, எடையே இருக்காது, துருவும் பிடிக்காது. ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் விற்றுவிட்டுப் போவார்கள். முதலாளி அப்படி எட்டு சைக்கிள் வாங்கிப் போட்டிருந்தார். துருப்பிடிக்கவில்லையே தவிர, ரிம்மெல்லாம் சாம்பல் பூத்து, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, பார்க்கச் சகிக்காது. சீசனுக்குப் புதுசாகக் கல்யாணமாகி வருகிற ஜோடிகள் ஏறுகிற வண்டி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

முதல் வாரம் என் மானம் போயிற்று. வீட்டுப் பழக்கத்தில் சாம்பலும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்தேன். ரிம் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கறுத்துப்போனது. புளி போட்டேன். கறுப்பு போயிற்று, மினுப்பு வரவில்லை. முதலாளி அதைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த மனிதர் யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கும்.

மூன்று மாதம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். என் முறையைச் சொல்லிவிடுகிறேன், வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் டயர், டியூப், கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றி ரிம்மைத் தனியாக எடுத்துவிட வேண்டும். கம்பியோடு தேய்க்கிறவர்கள் சோம்பேறிகள். மண்ணெண்ணெய் விட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். முதலில் முரடான பேப்பர். சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, ரிம் ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். பொரிப் புள்ளியெல்லாம் போனபிறகு அடுத்த நம்பர் பேப்பர். அதைக் குறுக்கே தேய்க்க வேண்டும். முதல் பேப்பர் போட்ட கீறல் நெடுக்கே இருக்கும், இது குறுக்கே போகும். நெடுக்குக் கீறல் ஒன்று பாக்கியில்லாமல் மறைந்தால்தான் அடுத்த பேப்பர். அது மறுபடி நெடுக்கே. இப்படி நான்கு பேப்பர் மாற வேண்டும். அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டினால் கடைசியில் வெயிலில் பிடிக்கும்போது கீறல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும்.

அதன் பிறகு டின்னில் வருகிற பாலிஷ். பழைய கம்பளித் துண்டில் கொஞ்சமாகத் தொட்டு, கையகல இடமாக எடுத்துத் தேய்க்க வேண்டும். கறுப்பாகக் குழம்பு மாதிரி வரும். அழுக்கு என்று துடைத்துவிடக் கூடாது. அந்தக் கறுப்பேதான் தேய்க்கிறது. அது காய்ந்து இறுகுகிறபோது பழைய வேட்டித் துணியால் எடுக்க வேண்டும். கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து சூசை கொண்டுவருகிற சாக்பீஸ் துண்டுகளைப் பொடி பண்ணி, சலித்து, உலர்ந்த துணியில் தொட்டு ஒரு தேய்ப்பு. ஒரு ரிம்முக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். சாயங்காலம் விரல் மடங்காது, சோறு பிசைய வராது.

முடிந்ததும் முதலாளியிடம் நீட்டுவேன். அவர் சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுப்பார். ரிம்மைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதில் பார்த்துத் தலை சீவுவார். அந்த அகலத்தில் ஒரு காதும் நாலு மயிரும்தான் தெரியும். அதற்கே வகிடு எடுப்பார். வகிடு நேராக வந்தால் வேலை பாஸ். சீப்பு வெளியே வரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. பாராட்டு என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அந்தச் சீப்புக்காகத் தேய் தேய் என்று தேய்த்தேன்.

இவ்வளவும் ஆனபிறகு, யாரும் சொல்லாமல் நானாக ஒன்று செய்தேன். ரிம்மை முழுக்கச் சுற்றி, கோயில் மெழுகுதிரித் துண்டால் ஒரு பூச்சு பூசிக் கம்பளியால் தேய்த்து வைத்தேன். ஏரிக்கரையில் மேகம் எந்நேரமும் வந்து போகிற இடம். ஒரு வாரத்தில் மங்கிவிட்டால் என் ஒன்றரை நாள் பாடு என்ன ஆவது? பித்தளைக்குச் செய்ததை இதற்கும் செய்தேன். ரிம் மாதக்கணக்கில் மினுங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ரிம்மில் கம்பி கோத்து, கோணல் எடுத்து, பிரேக் மாட்டுகிற வேலை பாண்டியண்ணனுடையது. பாச்சலூர்க்காரர். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கிக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வருவார். ஒரு காலத்தில் பயங்கரக் குடி. பழனிக்கு மாலை போட்டுக் குடியை விட்டவர், நான் கடைக்குப் போனபோது விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. குடி போயிருந்தது, கை நடுக்கம் மட்டும் லேசாக மிஞ்சியிருந்தது. ஸ்பானரைப் பிடித்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும். சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும். அதனால் அவர் சும்மாவே இருக்கமாட்டார்.

"ஏ மேரி, வெரசாத் தாயேன். நீ அழகு பாத்துக்கிட்டுக் கெடந்தா நான் எப்பக் கம்பி கோக்குறது?"

"உங்க மொகரைய இதுல பாத்தீங்கன்னா நீங்களும் நேரமாக்குவீங்கண்ணே."

நாள் முழுக்க இப்படித்தான். பிரேக் மாட்டியதும் சைக்கிளைக் கொக்கியில் தொங்கவிட்டு, சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார். ஆள் பாரம் இல்லாத வெறும் சக்கரம், சட்டென்று நிற்கும். எட்டு சைக்கிளும் ஏரியைச் சுற்றி ஒரு வருடம் ஓடின, ஒரு குறையும் வரவில்லை. ஏரியைச் சுற்றி ரோடு சமதரை. ஜோடியாகப் பேசிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்குப் பிரேக்கே தேவைப்படாது. இது அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை.

அடுத்த வருடம் ஐப்பசி மாதம். ஸ்டெல்லா டீச்சர் தன் சைக்கிளைக் கொண்டுவந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார டீச்சரிடம் வாங்கின சைக்கிள், அலாய் ரிம். "மேரி, உன் கைவண்ணத்த எனக்கும் காட்டு" என்றார். என்னைத் தேடி வந்து கேட்ட முதல் ஆள். தலைகால் புரியாமல் தேய்த்தேன். மெழுகையும் வழக்கத்தைவிட ஒரு பூச்சு கூடுதலாகப் போட்டேன். முதலாளி வகிடு எடுத்தார். பாண்டியண்ணன் பிரேக் மாட்டி, சுற்றிப் பார்த்து, ஒப்படைத்தார்.

டீச்சர் வீடு நாயுடுபுரத்தில் மேட்டின் மேல். மறுநாள் காலை தூறல், மேகம். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி இறக்கத்தில் வந்திருக்கிறார். வளைவில் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். பிடிக்கவில்லை. நேரே போய்க் கல்சுவரில் மோதி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆர்கன் வாசிக்கிற கை.

சைக்கிளைக் கடைக்குத் தூக்கி வந்தார்கள். முன் சக்கரம் கோணலாகிப் போயிருந்தது. முன் பிரேக் கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மோதியதில் கழன்றதா, அதற்கு முன்னாலேயே கழன்றதா, யாருக்குத் தெரியும்? வந்தவர்கள் முன்னாலேயே என்று முடிவு கட்டிவிட்டார்கள். "குடிகாரப் பய மாட்டுன பிரேக்கு வேற எப்பிடி இருக்கும்?" என்று ஒருவர் பாண்டியண்ணன் முகத்துக்கு நேரேயே சொன்னார். நான் அந்த ஆளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "நாலு வருசமா அவரு தொட்டது கெடையாது, நீ பாத்தியா?" என்று கத்தினேன். பாண்டியண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுங்கிக்கொண்டிருந்தன.

"நடுங்கியிருக்கும் மொதலாளி" என்றார். "நட்ட முழுசா முறுக்காம விட்டுருப்பேன். எனக்கே இப்பச் சொல்லத் தெரியல."

முதலாளி தொங்குகிற கம்பியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு, "கொஞ்ச நாளைக்கு ஊருல இரிங்க பாண்டி" என்றார். அவ்வளவுதான். அன்று மதியமே பாண்டியண்ணன் துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஸ்பானர் பையைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் காலை அந்த சைக்கிளைப் பிரித்து வைக்கச் சொன்னார்கள். பின் சக்கரம் கோணாமல் நன்றாக இருந்தது. அதைக் கழற்றும்போது கட்டை விரல் ரிம்மின் பக்கவாட்டில், பிரேக் ரப்பர் உட்காருகிற இடத்தில் பட்டு, வழுக்கிக்கொண்டு போனது.  ரப்பரை எடுத்து நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக, சுருள் சுருளாக மெழுகு வந்தது. பின் பிரேக் நட்டைத் திருகிப் பார்த்தேன், கம்பி தொங்கிய முன் பிரேக் நட்டையும் திருகிப் பார்த்தேன். இரண்டு கையால் முயன்றும் அசையவில்லை. அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருந்தார் மனிதர்.

டீச்சரைத் தள்ளிவிட்டது என் மெழுகு.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவள், சக்கரத்தைச் சாக்கு போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தத் தூறலில் எந்தப் பிரேக்கும் பிடித்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாண்டியண்ணனுக்கு ஊரில் காப்பிக் காடு இருக்கிறது, சமாளித்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். பொம்பளைக்கு என்ன சோலி என்று கேட்ட தெருவெல்லாம் சிரிக்கும். அந்தச் சீப்பு மறுபடி எனக்காக வெளியே வராது. இதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் இல்லாமல் பூசை நடந்தது. பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கமாகப் போனது. நான் நற்கருணை அப்பத்தை, எங்கள் பேச்சில் நன்மையை, வாங்க எழுந்து போகவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லை. செய்தால் சாமியார், "போய் முதலாளிகிட்ட சொல்லு" என்பார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில் சூசை கேட்டார்.

"என்ன, நன்மை வாங்கல?"

"தலவலி."

"ஒனக்குத் தலவலின்னா ஊருக்கே தெரியிற மாதிரிப் பொலம்புவியே?"

நான் அவரை முந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். 

ஒன்பது நாள் போயிற்று. ஒன்பதாவது நாள் காலை முதலாளி பாண்டியண்ணனின் ஸ்பானர் பையை என் முன்னால் வைத்தார்.

"பாண்டி சாமானு துரு ஏறுதுங்க தங்கச்சி. தொடச்சு மினுக்கி வச்சிருங்க. புது ஆளு பாக்கணும்போல. இத ஊருக்குக் கொடுத்து அனுப்பிருவோம்."

முதல் ஸ்பானரை எடுத்தேன். பிடி தேய்ந்து அவர் கை வாகுக்கு வழவழவென்று இருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இரண்டாவதை எடுத்தேன். மூன்றாவதை எடுக்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளி மடியிலேயே வைத்தேன். மெழுகு, கோயில், ரப்பர், நட்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அவர் கட்டை விரலை ரிம்மில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். வழுக்கியது. இன்னொரு சுற்று. முகம் கறுத்துவிட்டது.

"அந்த நட்ட நானு தொட்டே பாக்கலீங்க" என்றார். "ஸ்டோருல முப்பது வருசம் மிசின் பாத்தவன். கம்பி தொங்குறதப் பாத்தேன், ஆளப் பாத்தேன், அவ்வளவுதான். நட்டத் தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு எழுந்து போய் நட்டுகளைத் தானும் திருகிப் பார்த்துவிட்டு வந்து செருப்பைப் போட்டார். "மொதல்ல டீச்சரு. நானும் வாறேன். நாளைக்குப் பாச்சலூரு. அதுக்கு நீங்க தனியாத்தான் போகணும். வெறும் வாயோட போகாதீங்க, அவரு நம்ப மாட்டாரு. சக்கரத்த எடுத்துட்டுப் போங்க."

டீச்சர் கையில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கோபம் வந்தது, முகத்தில் தெரிந்தது. "மேரி, நான் செத்துப்போயிருப்பேன்" என்றார். நான் அழுதேன். கொஞ்சம் பொறுத்து அவரே, "அழாத. ஒனக்கென்ன தெரியும்? பாவம், அந்தப் பாண்டி என்ன பண்றாரு? நான் பெட்ல கெடந்து அவரத்தானே திட்டிக்கிட்டு இருந்தேன்?" என்றார். அந்தக் கை கூடிவர மூன்று மாதம் ஆனது. மறுபடி வாசித்தார், ஆனாலும் இடது கைச் சுண்டு விரல் பழையபடி எட்டவில்லை என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பாச்சலூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சக்கரத்தை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறினவர் இறங்கினவரெல்லாம் அதில் முகம் பார்த்தார்கள். ஒரு அம்மா பொட்டைச் சரி பண்ணிக்கொண்டார். "வெள்ளியாத்தா இது?" என்று கேட்டார் கண்டக்டர். வேறு நாளாக இருந்தால் என் பெருமையைச் சொல்லி பஸ்ஸையே நிறுத்தியிருப்பேன். அன்றைக்கு அதன் மேல் சேலைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டேன்.

பாண்டியண்ணன் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் மனைவி சின்னத்தாயி அக்கா என்னைத் தனியே இழுத்து, "மம்பட்டியக்கூடத் தொடலம்மா. இந்தக் கை ஆகாது, இந்தக் கை ஆகாதுன்னு ஒரே சொல்லு. நல்லவேள, குடிக்க மட்டும் போகல" என்றார்.

சக்கரத்தை அவர் முன்னால் வைத்து, நின்றுகொண்டே சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் குனிந்து ரிம்மைத் தடவினார். உள்ளே போய் மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுவந்தார். துணியில் எண்ணெய் நனைத்து, ரிம்மில் பாதி வட்டத்துக்கு மட்டும் மெழுகை வழித்துத் துடைத்தார், சாம்பல் தொட்டு உலர்த்தினார். மறுபாதியை அப்படியே விட்டார். நான் பையில் கொண்டுபோயிருந்த பிரேக் ரப்பரை வாங்கிச் சுத்தம் பண்ணி, தண்ணீரில் நனைத்து, ரிம்மில் அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டச் சொன்னார். துடைத்த பாதியில் கிறீச்சென்று பிடித்தது. மெழுகுப் பாதி வந்ததும் சறுக்கிக்கொண்டு ஓடியது. பிடித்தது. சறுக்கியது. நாலைந்து தடவை உருட்டினோம். அன்றிலிருந்துதான் அந்த இடத்தில் நான் மினுக்குவதே இல்லை. முரட்டுப் பேப்பரால் குறுக்கே தேய்த்து, சாக்பீஸ் பொடி போட்டுத் துடைத்து, விரல் வழுக்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். கடைக்காரர்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்.

"நட்டு?" என்றார்.

"ரெண்டு கையால திருகியும் அசையலண்ணே. மொதலாளியும் திருகிப் பாத்துட்டாரு."

"அப்ப எங் கை சரியாத்தான் முறுக்குச்சா?"

"சரியாத்தாண்ணே முறுக்கியிருக்கு."

"இன்னொருவாட்டி சொல்லு."

சொன்னேன். "சின்னத்தாயி, இங்க வா, இவ சொல்றதக் கேளு" என்று கூப்பிட்டார். அவரிடமும் சொன்னேன். பக்கத்துக் காட்டில் காப்பிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டார். அவரிடமும் சொன்னேன். ரோட்டில் போன ஒருவரை, "ஏலே, நில்லுலே" என்று நிறுத்தினார். யார் எவர் என்று தெரியாத அந்த மனிதரிடமும், டீச்சர் விழுந்தது என்னால்தான், பாண்டியண்ணன் மாட்டின பிரேக் சரியாகத்தான் இருந்தது என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பாண்டியண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஏச்சு இல்லை. சின்னத்தாயி அக்கா முட்டைக் குழம்பு வைத்துச் சோறு போட்டார்.  ஒரு கேள்வி வரும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை வரவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு அவரே சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். திங்கட்கிழமை வெள்ளனே வந்துவிடுவேன் என்று முதலாளியிடம் சொல்லச் சொன்னார். சொன்னபடி வந்தார். அதற்கப்புறம் நாங்கள் பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, பஸ் வளைவில் தெரிந்தபோது, சக்கரத்தை என் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு இது எப்பத் தெரிஞ்சுச்சு மேரி?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"நீங்க பஸ் ஏறிப் போனீங்கல்ல, மறுநாள் காலையிலண்ணே."

அவர் விரல் விட்டு எண்ணினார்.  பஸ் வந்து நின்றது, நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காமல், மெதுவாகச் சொன்னார்.

"முந்தாநேத்து சாராயம் காய்ச்சுறவன் வீடு வரைக்கும் போயிட்டேன் மேரி. சின்னத்தாயிக்குத் தெரியாது. கதவு பூட்டிக் கெடந்துச்சு. அதுனாலதான் திரும்பி வந்தேன்."